மலையா ஓடியது?

(2010-ஆம் ஆண்டு டில்லி காமன்வெல்த் விளையாட்டில் கென்ய அணியைக் குறித்து ஆலங்காயத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஆலங்காயத்தில், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள கென்ய தேசத்து ஓட்டக்காரர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று இச்சபையினர் விரும்பியதன் உட்கருத்தை ஊகிப்பது கடினமன்று. கென்ய தேசத்தின் வீரர்கள் மலைநாட்டார். நம் ஜவ்வாது மலையில் சாமை விளைத்தும் தேனெடுத்தும் வாழ்கிற மலையாளிப் பழங்குடி ஜனங்களும் மலைநாட்டார். அந்த மலை உலகத்துக்கு ஓட்டக்காரர்களைத் தந்தது என்றால் இந்த மலையும் தருமல்லவா என்பதே அக்கருத்து. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு ஆதாரமாக வைத்திருக்கும் நியாயம் தவறானது என்பதும், அந்தத் தவறான நியாயமே நம்மைக் கைகட்டி உட்காரவைத்து, மலை தானாகவே வீரர்களைப் பெற்றுத் தரும் என்று காத்திருக்கச் செய்துவிடும் என்பதும் என் அபிப்பிராயம். ஆகையால் இன்று மலையைப் பற்றிக் கொஞ்சமும் மனிதர்களைப் பற்றி அதிகமும் பேசுவேன், பொறுத்தருள வேண்டும்.

2010-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கி 14-ஆம் தேதி முடிய, புது டில்லியில் காமன்வெல்த் விளையாட்டு விழா நடைபெற்றது. அதைக் குறித்து நம் பத்திரிகைகள் எழுதியவற்றில் பெரும்பகுதி, முடியாமல் கிடந்த கட்டடங்களையும், விழாவுக்குச் சில தினங்களுக்கு முன் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தின் அருகே இடிந்து விழுந்த நடைபாலத்தையும், கணக்கில் அகப்படாத பணத்தையும் பற்றியது. அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் அந்தச் சந்தடியில் அந்த ஸ்டேடியத்துக்குள்ளே நடந்த காரியங்கள் பல பத்திரிகையின் ஒரு மூலைக்குப் போய்விட்டன. நம் தேசம் 38 தங்கப் பதக்கங்களோடு ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பெற்றது. கென்யா 12 தங்கம், 11 வெள்ளி, 9 வெண்கலம் பெற்று ஆறாம் இடத்தில் நின்றது. நீச்சல் குளமும், துப்பாக்கிச் சுடும் அரங்கும், சைக்கிள் தடமும் பெரிய தேசங்களுக்குப் பதக்கங்களை வாரி வழங்கிக்கொண்டிருக்க, கென்யாவின் பதக்கங்களில் பெரும்பாலானவை இரண்டு கால்களால் ஓடிச் சம்பாதித்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

அவற்றிலும் நான் விசேஷமாக எடுத்துச் சொல்ல விரும்புவது ஸ்திரீகளின் வெற்றியையே. 800 மீட்டரிலும் 1,500 மீட்டரிலும் நான்சி லங்கட், 5,000 மீட்டரில் விவியன் செருயோட், 10,000 மீட்டரில் கிரேஸ் மோமான்யி, தடைகளையும் நீர்ப்பள்ளத்தையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் மில்கா செமோஸ் செய்வா, மாரத்தானில் ஐரீன் கொஸ்கெய் என்று, நடுத்தூரத்திலிருந்து நெடுந்தூரம் வரையில் பெண்களுக்கென்று வைத்த தங்கங்கள் அத்தனையும் ஒரே தேசத்துக்குப் போயின. ஆண்களின் பிரிவில்கூட இப்படி நிகழவில்லை. அங்கே 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் பக்கத்து நாட்டானுக்குப் போய்விட்டன. அக்கதைக்குப் பின்னர் வருகிறேன்.

இந்தப் பெண்களின் வெற்றியை மலையின் கணக்கில் எழுதிவிட முடியுமா? கென்யா 1956-ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. அந்த நாட்டுப் பெண்கள் முதல் முதலாக ஒலிம்பிக் களத்தில் இறங்கியது 1968-ல். அதுவும் மூன்றே பேர். ஒரு கென்யப் பெண் ஒலிம்பிக் பதக்கத்தைத் தொட்டது 1996-ல், அட்லாண்டாவில், பாலின் கொங்கா 5,000 மீட்டரில் வெள்ளி பெற்றபோது. தங்கத்தைத் தொட்டது 2008-ல், பீஜிங்கில், பமிலா ஜெலிமோ 800 மீட்டரை வென்றபோது. மலை அன்றும் அதே உயரத்தில்தான் இருந்தது. ஆணுக்குக் கிடைத்த அதே காற்றுத்தான் பெண்ணுக்கும் கிடைத்தது. ஆண்கள் உலகத்தை ஜயித்துக்கொண்டிருந்த அந்த நீண்ட காலமெல்லாம் பெண்கள் தண்ணீர் சுமந்துகொண்டும், சிறு வயதில் மணம் முடித்துக் குழந்தை பெற்றுக்கொண்டும் இருந்தார்கள். பின்னர் இட்டன் என்னும் ஊருக்கருகே சிங்ஓரே பெண்கள் பள்ளியைப் போன்ற விடுதிப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் தங்கிப் படித்து, படிப்பினிடையே ஓடவும் தொடங்கினர். ஓடிச் சம்பாதித்த பெண் ஊரில் வீடு கட்டினாள். அதைக் கண்டு அடுத்த வீட்டுத் தகப்பன் தன் மகளின் கல்யாணத்தைச் சில வருஷங்கள் ஒத்திப்போடத் துணிந்தான். டில்லியில் கண்ட ஆறு தங்கங்களுக்கும் பின்னே இப்படிப்பட்ட மாறுதல் ஒன்று மெல்ல மெல்ல நடந்தேறியிருந்தது.

டில்லியில் நடந்த பெண்களின் 10,000 மீட்டர் ஓட்டத்தைச் சற்று நின்று பார்ப்போம். 400 மீட்டர் தடத்தை இருபத்தைந்து முறை சுற்றும் ஓட்டம் அது. இருபதாம் சுற்றுக்கு மேலேதான் உள்ளபடியே பந்தயம் தொடங்குகிறது என்பார்கள். அதுவரை நடப்பது யார் யார் விலகுவார்கள் என்கிற பரீட்சை. கடைசியில் கோட்டைத் தாண்டியபோது முன்னே கென்யாவின் கிரேஸ் மோமான்யி. அவரை ஒட்டியே டோரிஸ் சாங்கெய்வோ, அவரும் கென்யர். அதற்கு அரை நிமிஷ அளவு பின்னே, மூன்றாவதாக வந்தவர் நம் தேசத்தைச் சேர்ந்த கவிதா ராவத். மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த மலைப்பகுதியில் சாவர்பாடா என்னும் சிறு குக்கிராமத்தில், ஆதிவாசிக் குடும்பமொன்றில் பிறந்து, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீருக்கு நடந்த பெண் அவர். காமன்வெல்த் விளையாட்டின் ஓட்டத் தடத்தில் தனித்து ஓடிப் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்ற கீர்த்தியும் அன்று அவருக்குக் கிடைத்தது. அவருக்கு முன்னே போன இரு பெண்களும் அவரும் சிறு வயதில் பட்ட பாடு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எதில் என்றால், மோமான்யிக்குப் பின்னே அதே நாட்டில் பத்துப் பேர், இருபது பேர், அவரைத் தோற்கடிக்கக்கூடியவர்களாகவே, தேர்வில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தார்கள். கவிதா ராவத்துக்குப் பின்னே அவருடைய மலையில் அப்படி ஒரு கூட்டம் இல்லை.

இனி, கென்யரின் வேகத்துக்கு ஜனங்கள் சொல்லும் காரணங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலில் உயரம். கென்யாவின் மேற்கே, ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் இட்டன் என்னும் ஊர் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்து நகரமான எல்டொரெட் 2,100 மீட்டருக்குக் குறையாது. அவ்வளவு உயரத்தில் காற்றில் பிராணவாயு அருகியிருப்பதால், அங்கே பிறந்து வளர்ந்த தேகம் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது என்பதும், அது நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவுகிறது என்பதும் சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மைகள். இதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் நமது காவலூரில், வானத்து நட்சத்திரங்களை ஆராய்கிறவர்கள் பெரிய தொலைநோக்கியை நிறுவியிருக்கும் இடத்தில், உயரம் 725 மீட்டர்தான். ஆக, இட்டனோடு ஜவ்வாது மலையை ஒப்பிடுவதில் முதல் அடியிலேயே கணக்கு உதைக்கிறது. அது போகட்டும். நம் ராஜ்யத்திலேயே உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கென்யர்கள் 1968-ல் உலகத்தைத் திகைக்கவைத்த மெக்சிகோ நகரத்தின் உயரமும் சரியாக அவ்வளவே. உயரம் ஒன்றே ஓட்டக்காரர்களைத் தரும் என்றால், நீலகிரி இந்நேரம் எத்தனை ஒலிம்பிக் வீரர்களைத் தந்திருக்க வேண்டும்! வெள்ளைக்காரர்கள் உதகையில் ஓடுவதற்கென்றே ஒரு மைதானம் அமைத்தார்கள் என்பது வாஸ்தவம். அதில் ஓடினவை குதிரைகள். நேபாளமும் பொலிவியாவும் பெருவும் இதைவிட உயரமான ஊர்களை உடையவை. அங்கிருந்து எத்தனை ஒலிம்பிக் ஓட்ட வீரர்களின் பெயரை நம்மால் சொல்ல முடிகிறது?

அடுத்தது இரத்தம், அதாவது குலம். கென்ய வீரர்களில் பெரும்பாலோர் கலென்ஜின் என்னும் சமூகத்தார்; அந்தச் சமூகத்துக்குள்ளும் நாண்டி என்னும் பிரிவினர் அதிகம். ஸ்காண்டிநேவியாவைச் சேர்ந்த பெங்ட் சால்டின் என்னும் உடலியல் பேராசிரியர் அவர்களை அளந்து ஆராய்ந்திருக்கிறார். கெண்டைக்கால் மெலிந்து நீண்டிருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் சக்தி குறைகிறது என்ற கொள்கை அத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்து வலுப்பெற்றது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கென்யாவின் முதல் நெடுந்தூர வீரர்களில் ஒருவரான நியாண்டிகா மையோரோவும், மெக்சிகோவில் 10,000 மீட்டரை வென்ற நாப்தாலி தேமுவும் கலென்ஜின்கள் அல்லர். கிசி என்னும் வேறொரு சமூகத்தார். கென்யாவுக்குக் காமன்வெல்த் விளையாட்டில் முதல் தங்கத்தை, அதுவும் 100 கஜம், 220 கஜம் என்று இரண்டு தங்கத்தை, 1962-ல் பெர்த் நகரத்தில் பெற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: செராஃபினோ அந்தாவோ, மொம்பாசா துறைமுகத்தில் பிறந்த கோவாக்காரர், அதாவது நம்மவர். சுதந்திர கென்யாவின் கொடியை 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏந்திச் சென்றவரும் அவரே. அந்நாளைய கென்ய ஹாக்கி அணியோ, பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் பஞ்சாப் அணியோ கோவா அணியோ என்று மயங்க வேண்டியிருக்கும். அவதார் சிங் சோஹல் நான்கு ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்காக ஆடினார். 1971-ல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் கென்யா நான்காம் இடம் பெற்றது. ரயில் பாதை போடப் போன கூலிகளின் பின்னாலும், கடை வைக்கவும் கணக்கெழுதவும் போனவர்களின் பின்னாலும் அந்த ஆட்டம் அங்கே போயிற்று. ஆட்டத்தைக் கற்பிக்கச் சங்கங்கள் இருந்த வரையில் ஹாக்கி செழித்தது. அந்த ஜனங்கள் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் பெயர்ந்த பிறகு குன்றிற்று.

இப்போது, முன்னே நிறுத்திவைத்த பக்கத்து நாட்டான் கதைக்கு வருகிறேன். டில்லியில் ஆண்களுக்குரிய 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் உகாண்டாவின் மோசஸ் கிப்சிரோ. கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் எல்லையில் எல்கன் என்ற பெருமலை இருக்கிறது. அதன் உகாண்டாப் பக்கத்துச் சரிவில் வாழும் செபெய் ஜனங்கள் கலென்ஜின்களுக்கு உறவின் முறையார். மலை ஒன்று, காற்று ஒன்று, கால் ஒன்று. எனினும் கென்யாவின் பக்கத்தவர் 1960-களிலேயே உலகப் பிரசித்தி பெற்றார்கள். உகாண்டாவின் பக்கத்தவர் நெடுந்தூர ஓட்டத்தில் தலையெடுத்தது இந்த நூற்றாண்டில்தான். நடுவே உகாண்டா இடி அமீனின் ஆட்சியையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுக் கலகங்களையும் அனுபவித்துக்கொண்டிருந்தது. கோடு போட்டுப் பிரித்த ஒரு மலையைப்போலச் சுத்தமான பரிசோதனை நமக்கு வேறெங்கும் கிடைப்பது துர்லபம்.

உணவைப் பற்றியும் வெறுங்கால் ஓட்டத்தைப் பற்றியும் அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்கள் உண்பது மக்காச்சோள மாவைக் கிண்டிய களி, கீரை, பால். நமது கேழ்வரகுக் களி அதற்கு ஒரு படியும் இளைத்ததன்று. பள்ளிக்கூடத்துக்கு மைல் கணக்கில் நடந்தும் ஓடியும் போகிற பிள்ளைகளும் இந்த மலையில் நேற்றுவரை இருந்தவர்களே.

அப்படியானால் அங்கே இருந்து, மற்ற இடங்களில் இல்லாமல் போனது எது? அதன் சரித்திரம் சுவாரஸ்யமானது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், பள்ளிக்கூடங்களிலும் போலீஸிலும் பட்டாளத்திலும் சிறைச்சாலை இலாகாவிலும் ஓட்டப் பந்தயங்கள் ஏற்பாடாயின. ஜில்லாப் பந்தயம், மாகாணப் பந்தயம், பிறகு காலனி முழுமைக்குமான பந்தயம் என்று படிப்படியாக அது வளர்ந்தது. கால்நடை கவர்ந்து செல்வதில் பேர்போன இளைஞர்களின் துடிப்புக்கு வேறொரு போக்கிடம் வேண்டும் என்பதும் அதிகாரிகளின் உத்தேசங்களில் ஒன்று என்பார்கள். அவர்களுடைய நோக்கத்தை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் பந்தயத்தில் வென்றவனுக்குப் போலீஸிலோ பட்டாளத்திலோ ஒரு வேலை கிடைத்தது, வேலை கிடைத்த பிறகும் அந்த இலாகாவுக்காக அவன் ஓடிக்கொண்டே இருந்தான் என்கிற ஏற்பாடு மட்டும் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. 1954-ல் மையோரோ வான்கூவர் காமன்வெல்த் விளையாட்டுக்குப் போனதும், 1964-ல் வில்சன் கிப்ருகுட் டோக்கியோவில் 800 மீட்டரில் வெண்கலம் பெற்றுக் கென்யாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்ததும் அந்த ஏணியில் ஏறித்தான்.

அதன் பின் 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக். ஆமோஸ் பிவோட் என்ற இளைஞர் ஸ்டீபிள்சேஸில் ஓடியதைப் பார்த்தவர்கள் சிரித்தார்களாம். நீர்ப்பள்ளத்தின் முன்னுள்ள கட்டையின் மேல் ஒரு காலை வைத்து எம்பி, தண்ணீரின் ஓரத்தில் மறுகாலை வைத்து ஏறிப் போவது மற்றவர்களின் பழக்கம். பிவோட்டோ கட்டையையும் தண்ணீரையும் ஒரே தாவலாகத் தாண்டி, பாதம் நனையாமல் அப்பால் போய் விழுந்தார். முறை தெரியாத தாவல் என்று நிபுணர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தங்கத்தை வென்றுவிட்டார். கிப்சோகே கெய்னோவின் கதை அதைவிடப் பிரசித்தம். பித்தப்பை நோயால் வயிற்று வலியோடு வந்தவர். 10,000 மீட்டரில் முடிவுக்குச் சில சுற்றுகள் இருக்கையில் விழுந்தார். 5,000 மீட்டரில் வெள்ளி பெற்றார். ஓடக் கூடாது என்ற வைத்தியரின் சொல்லையும் மீறி 1,500 மீட்டருக்குப் புறப்பட்டு, வண்டி நெரிசலில் சிக்கிக்கொள்ளவே, இறங்கி ஸ்டேடியம் வரையில் ஓடியே போய்ச் சேர்ந்தார் என்பார்கள். அந்தப் பந்தயத்தை 3 நிமிஷம் 34.9 நொடியில் முடித்து, அந்நாளில் தோல்வி காணாதவராகக் கருதப்பட்ட அமெரிக்கர் ஜிம் ரயனை ஏறத்தாழ 20 மீட்டர் பின்தள்ளினார். கென்யா அம்முறை பெற்ற பதக்கங்கள் 9. அது முதல் 2016 வரையில், பகிஷ்கரித்து ஒதுங்கிய 1976, 1980 நீங்கலாக, ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸ் தங்கம் கென்யாவை விட்டுப் போகவில்லை. டில்லியிலும் அவ்வோட்டத்தின் மூன்று பதக்கங்களையும் மூன்று கென்யர்களே எடுத்துக்கொண்டார்கள்.

வென்றதைவிட, வென்ற பிறகு கெய்னோ செய்தது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவர் எல்டொரெட் பக்கத்துக்குத் திரும்பி வந்து, நிலம் வாங்கி, அநாதைக் குழந்தைகளை வளர்த்து, பள்ளிக்கூடம் வைத்து, ஜனங்களின் கண்ணெதிரிலேயே வாழ்ந்தார். உலகத்தை ஜயித்தவன் தம் சந்தையிலே காய்கறி வாங்குவதைக் கண்ட பிள்ளைகளுக்கு, உலகம் எட்டாத இடமாகத் தோன்றவில்லை. 1976-ல் அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓ'கானல் என்ற கிறிஸ்தவத் துறவுச் சபைச் சகோதரர் ஒருவர் இட்டனில் செயின்ட் பாட்ரிக் பள்ளிக்குப் பூகோளம் கற்பிக்க வந்தார். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன்னனுபவம் கிடையாது. பிள்ளைகள் ஓடுவதைக் கவனித்துக் கவனித்தே கற்றுக்கொண்டார். அப்பள்ளியிலிருந்து பீட்டர் ரோனோ 1988-ல் சியோலில் 1,500 மீட்டரை வென்றார். மாத்யூ பிரிர் 1992-ல் ஸ்டீபிள்சேஸை வென்றார். ஓ'கானலிடம் பயின்ற டேவிட் ருடீஷா 2012-ல் லண்டனில் 800 மீட்டரை 1 நிமிஷம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை செய்தார். வென்று வந்த மாணவன் ஒவ்வொருவனுக்கும் பள்ளி வளாகத்தில் ஒரு மரம் நட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவது அங்கே வழக்கம். புதிதாகச் சேரும் பையன் வகுப்புக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே போகிறான்.

பார்சிலோனாவில் 1992-ல் ஸ்டீபிள்சேஸ் வெள்ளி பெற்ற பாட்ரிக் சாங் என்பவரும் ஊருக்குத் திரும்பியவர்தாம். நாண்டிப் பகுதியில் அவருடைய அண்டையில் வசித்த ஒரு பையன் அவரிடம் வந்து, பயிற்சிக்கு ஒரு முறை எழுதித் தரும்படி கேட்டான். இரண்டு வாரத்துக்குரியதைப் பெற்றுக்கொண்டு போய், அதை முடித்துவிட்டு மீண்டும் வந்து நின்றான். பெயரைக்கூட அவர் கேட்கவில்லையாம். அந்தப் பையனே எலியூட் கிப்சோகே. 2003-ல் பாரிஸில் 5,000 மீட்டர் உலகப் பட்டத்தை வென்ற அவர், டில்லியில் அதே தூரத்தில் மோசஸ் கிப்சிரோவுக்கு ஒரு நொடியின் பத்திலொரு பங்கும் இல்லாத வித்தியாசத்தில் தோற்று, வெள்ளியோடு திரும்பினார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறொருவர் என்றால் அதோடு கதை முடிந்திருக்கும். அவர் மாரத்தானுக்கு மாறி, 2016-ல் ரியோ ஒலிம்பிக்கிலும், அடுத்து டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றார். கப்டகட் என்னும் இடத்தில் அவர் பயின்ற முகாமில் உலக சாம்பியனும் தன் துணியைத் தானே துவைக்கிறான். கழிப்பறை கழுவும் முறை வந்தால் அவனும் கழுவுகிறான். சாம்பியனின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் இளைஞன், அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எவ்வளவு மெதுவாக ஓடுகிறார் என்பதையெல்லாம் பார்க்கிறான். மெதுவாக ஓடவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் நம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வராத விஷயம்.

இந்த நியாயத்தை மறுபுறமிருந்து நிரூபிக்கும் மனிதர் ஒருவரும் கென்ய அணியில் உண்டு. ஜூலியஸ் யேகோ, அதே நாண்டிப் பிரதேசத்தவர், ஈட்டி எறிபவர். ஓட்டக்காரனுக்கு ஊருக்கு ஒரு குரு இருந்த நாட்டில் ஈட்டிக்காரனுக்கு ஒருவரும் இல்லை. அவர் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, செக் நாட்டு யான் செலெஸ்னி முதலியோர் எறியும் படங்களை யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கற்றார். டில்லியிலிருந்து பதக்கமில்லாமல் போனார். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம். 2015-ல் பீஜிங்கில் 92.72 மீட்டர் எறிந்து உலகப் பட்டம், ரியோவில் வெள்ளி. 2025 ஜூலையில் பெங்களூரில் நம் நீரஜ் சோப்ரா பெயரால் நடந்த போட்டியில் நீரஜுக்கு அடுத்து வந்தவரும் இவரே. ஏகலைவனாக ஒருவர் வரலாம். ஏகலைவர்களை நம்பி ஓர் அணியை அமைக்க முடியாது. கென்யாவில் இரண்டாவது யேகோ இன்னும் வரவில்லை.

அந்த நாட்டில் எல்லாம் நன்மையே என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. பணம் புகுந்த இடத்தில் ஊக்கமருந்தும் புகுந்தது. ரியோவில் மாரத்தான் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங் மறு வருஷமே பிடிபட்டுத் தடை செய்யப்பட்டார். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் தேசம் முழுவதற்குமே தடை வந்துவிடுமோ என்ற நிலை ஏற்பட்டு, ஆண்டுக்கு 50 இலட்சம் டாலர் செலவிட்டு இதை ஒழிப்பதாக அரசாங்கம் வாக்களித்த பின்னரே தப்பிற்று. அதே ரியோவுக்கு வீரர்களுக்கென்று வந்த உடைகளும் காலணிகளும் அதிகாரிகள் வீட்டிலே கண்டெடுக்கப்பட்டன. யேகோவுக்கு விமானச் சீட்டே எடுத்திருக்கவில்லை என்று விமான நிலையத்தில் தெரிந்தது. 2021 அக்டோபரில், அதற்கு முந்தின மாதந்தான் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலக சாதனை செய்த அக்னெஸ் டிரோப், இட்டனில் தம் வீட்டிலேயே குத்துண்டு இறந்து கிடந்தார். கொலைக் குற்றம் அவர் கணவர் மேல் சாட்டப்பட்டது. ஓடிச் சம்பாதிக்கும் பெண்ணின் பணம் யாருடையது என்ற வழக்கு அங்கே பல வீடுகளில் இன்னும் தீரவில்லை. பெண் பிள்ளைகளை ஓட அனுப்ப விரும்பும் நாம் இதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நல்ல நெடுந்தூர ஓட்டக்காரர்களைத் தந்திருக்கும் ஜில்லா ஒன்றைப் பாருங்கள். மலைகள் நிறைந்த நீலகிரியன்று, சேலமன்று. கண்மாயும் பொட்டலுமாகக் கிடக்கிற புதுக்கோட்டை. 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் பெற்ற லட்சுமணன் கோவிந்தன் அந்தப் பக்கத்தவர். 2016-ல் கௌஹாத்தி தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரங்களிலும் பெண்களில் முதல்வராக வந்த சூரியாவும் அந்தப் பக்கத்தவர். அங்கே உயரமும் இல்லை, மெலிந்த காற்றும் இல்லை; விடியற்காலையில் பிள்ளைகளைக் கூட்டி ஓடவைக்கிற ஆசிரியர்கள் இருந்தார்கள், முன்னே ஓடுகிற அண்ணனும் அக்காளும் இருந்தார்கள்.

ஆலங்காயத்துச் சாலைகளிலும் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடுகிறார்கள். காவலர் தேர்வுக்காக ஓடுகிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடித்தால் அத்தேர்வின் ஓட்டத்தில் ஆண்மகன் தேறிவிடலாம். கெய்னோ மெக்சிகோவில் அதே தூரத்தை எத்தனை நேரத்தில் ஓடினார் என்று சற்றுமுன் சொன்னேன். இந்தப் பெரிய இடைவெளி எனக்கு வருத்தம் தரவில்லை. 7 நிமிஷத்தில் ஓடி உத்தியோகம் பெற்றவன் மறுநாள் முதல் ஓடாமல் நின்றுவிடுகிறானே, அதுதான் வருத்தம். கெய்னோவும் போலீஸில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்தவரே. அவருடைய ஓட்டத்தை உத்தியோகம் நிறுத்திவிடவில்லை. சோறு போட்டு ஓடவைத்தது.

ஆகவே இச்சபையினரிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியங்கள். குறுவட்டப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று ஆண்டுக்குச் சில தடவை ஓடுகிற பிள்ளைக்கு, மாதந்தோறும் ஒரு பந்தயம் இவ்வூரில் வேண்டும். இடம் பெரிதாக வேண்டாம். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம் போதும். கோப்பையும் பொன்னாடையும் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஒரு ஸ்டாப் வாட்சும், ஓடினவர் அத்தனை பேருடைய நேரத்தையும், கடைசியில் வந்தவருடைய நேரம் உள்பட, எழுதி வைக்கிற ஒரு நோட்டும் வேண்டும். மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகள் வந்து போக வண்டியும், ஓடி முடித்ததும் வயிறு நிறைய ஆகாரமும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி ஓட்டம் வேண்டும்; பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும். இவ்வூரிலிருந்து போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் ஓடித் தேறிப் போனவர்கள் விடுப்பில் வரும்போது, அந்த மாதப் பந்தயத்தில் அவர்கள் மேடையில் உட்காராமல் பிள்ளைகளோடு ஓட வேண்டும். இதற்கு ஆகும் செலவை நான் இவ்வூர் வியாபாரிகள் சிலரோடு பேசிப் பார்த்தேன். திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்கு ஆவதைவிடக் குறைவே என்றார்கள்.

உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். மைதானத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். நான் சொன்னவற்றில் நடக்கக் கூடியது எது, கூடாதது எது என்பதை அவர்கள் எழுந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டு என் இருக்கைக்குச் செல்கிறேன்.